ஆலோசகரைத் தேடும் முன் வாளியைப் பாருங்கள்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் உங்கள் கோயில் குழு மூன்று கிரெஷ்களை, அதாவது சிறு பிள்ளைகளின் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களை, நடத்துகிறது. சுத்தம் பற்றி வழிகாட்டச் சம்பளம் வாங்காத ஆலோசகர்கள் தேவை என்று கோயில் பலகையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் அறிவித்தீர்கள். இரண்டு மாதங்களில் ஒரே ஒருவர் வந்தார், அவரும் கிருமிநாசினி விற்பவர். யாரைத் தேடுவது, எப்படிக் கேட்பது, வந்தவர்களை எப்படித் தக்கவைப்பது என்று கேட்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: போன மாதம் ஒரு கிரெஷில் பாதிக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு, பெற்றோர் கோபமாக இருக்கிறார்கள். உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வெளியாள் ஒருவர் வந்து சொன்னால் எங்கள் பணியாளர்கள் கேட்பார்களா, கேட்டால் பிள்ளைகளுக்கு நோய் குறையுமா என்பதுதான் அது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், அதனால் பதில் நீளும்.

நான் டர்பன் வட்டாரத்தில் 26 ஆண்டுகள் நகராட்சிச் சுகாதார ஆய்வாளராக இருந்தவள். கடை, இறைச்சிக்கூடம், கோயில் மடப்பள்ளி, கிரெஷ் என்று எல்லாப் படியும் ஏறியிருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு உங்களைப் போன்ற சில குழுக்களுக்கு ஆலோசகர்களைத் திரட்டிக் கொடுத்து வருகிறேன். நான் மருத்துவர் அல்ல. நோயுற்ற குழந்தைக்கு என்ன மருந்து, எப்போது மருத்துவமனை என்பதை ஆர்.கே. கான் மருத்துவமனையோ உங்கள் பகுதி கிளினிக்கோ சொல்லட்டும். நான் பார்த்ததெல்லாம் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் கடற்கரைப் பக்கத்து வெயிலும் ஈரமும். ஜோகன்னஸ்பர்க் குளிரில் நடத்துகிறவர்கள் என் சொல்லைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் அறிவிப்பில் ‘சுத்தத் தரநிலைகளை உருவாக்க உதவும் நிபுணர்கள்’ என்று இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் ஆட்களை விரட்டியது. தரநிலையை நீங்கள் உருவாக்க வேண்டியதில்லை, அது ஏற்கெனவே இருக்கிறது. ஆறு குழந்தைகளுக்கு மேல் பார்த்துக்கொள்ளும் இடம் 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தின்கீழ் பதிவு செய்ய வேண்டும். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளில் இருபது பேருக்கு ஒரு கழிப்பறை, ஒரு கைகழுவும் தொட்டி என்பது அந்தச் சட்டத்தின் விதிகளில் உள்ள அளவு. சமைத்துக் கொடுக்கிறீர்கள் என்றால் 2018 ஜூனில் வந்த ஆர்638 என்ற உணவு வளாக விதிகளின்படி தகுதிச் சான்றிதழ் வேண்டும். 2022 ஏப்ரலில் மழலையர் பராமரிப்புப் பொறுப்பு சமூக வளர்ச்சித் துறையிடமிருந்து அடிப்படைக் கல்வித் துறைக்கு மாறியது. ஆனாலும் கழிப்பறையையும் சமையலறையையும் பார்த்து அறிக்கை எழுதுவது இன்றும் நகராட்சிச் சுகாதார ஆய்வாளர்தான். இவ்வளவும் தாளில் பத்திரமாக இருக்கிறது. இல்லாதது, தாளிலிருந்து வாளிக்கு இறங்கும் படிக்கட்டு. அந்தப் படிக்கட்டுக்குத்தான் ஆள் தேட வேண்டும்.

வாளி என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு கிரெஷில் நான் கண்டது அது. வீட்டின் காரேஜையே வகுப்பறையாக மாற்றிய இடம், நம் பகுதிகளில் அப்படிப்பட்டவை ஏராளம். சுவரில் பிளாஸ்டிக் உறை போட்ட சுத்த அட்டவணை, கீழே கையெழுத்துகள், எல்லாம் ஒழுங்கு. தரை துடைக்கும் அம்மாவிடம் ஜிக் என்ற பிளீச் எவ்வளவு ஊற்றுவீர்கள் என்று கேட்டேன். அவர் பாட்டிலைத் திறந்து, வாளிக்கு மேல் சாய்த்து, மூக்கைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். வாசனை வாசல்வரை போனால் போதும் என்றார். ஆறு வருடமாக அப்படித்தான். பிப்ரவரி வெயிலில் வெளியே வைத்த பாட்டிலில் வீரியம் குறைந்து வாசனையும் குறையும், அன்று பாதிப் பாட்டில் போகும். புதுப் பாட்டில் திறந்த அன்று கொஞ்சம்தான் போகும். தவழும் குழந்தைகள் அந்தத் தரையில்தான் கைவைத்து, அதே கையை வாயில் வைத்துக்கொண்டிருந்தன. அட்டவணையை எழுதிய யாரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அளவுக் கோப்பையை யாரும் கொடுக்கவில்லை, அவர் தன் மூக்கை அளவாக்கிக்கொண்டார்.

ஆக, கேட்கத் தெரிந்தவர் வேண்டும். பட்டம் பிறகு. என் அனுபவத்தில் முதலிடம் மருத்துவமனையில் துப்புரவு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு. வார்டில் எந்தத் துணி எந்த இடத்துக்கு, எந்த வாளி எந்த அறைக்கு என்று முப்பது வருடம் பிரித்துப் பழகியவர்கள் அவர்கள். அதோடு, துடைப்பவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். யாரும் அவர்களை நிபுணர் என்று அழைத்ததில்லை, அதனால் ‘நிபுணர் தேவை’ என்ற அறிவிப்பைப் பார்த்து அவர்கள் வருவதுமில்லை. நேரில் போய்க் கேட்க வேண்டும். அடுத்து, கிளினிக்கில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டு ஓய்வு பெற்ற செவிலியர். பெற்றோர் அவர் பேச்சை நம்புவார்கள், அது சின்ன விஷயம் அல்ல. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும்போது நூற்றுக்கணக்கான பேருக்குச் சமைத்து ஒருவருக்கும் வயிறு கெடாமல் பார்த்துக்கொள்ளும் அக்காமார் உங்கள் கோயிலிலேயே இருப்பார்கள். சமையலறைக்கு அவர்களில் ஒருவர் போதும். ஒரு பிளம்பரைச் சேருங்கள், இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். கைகழுவும் தொட்டி பிள்ளையின் மார்பளவுக்கு மேல் இருந்தால் எத்தனை சுவரொட்டி ஒட்டியும் பிள்ளை கைகழுவாது. அதை இறக்கி வைக்க ஒரு பிளம்பருக்கு ஒரு மதியம் போதும்.

மொழியை மறந்துவிடாதீர்கள். உங்கள் மூன்று கிரெஷ்களிலும் தரை துடைப்பவர், நாப்பி மாற்றுபவர் பெரும்பாலும் ஜூலு பேசும் பெண்களாக இருப்பார்கள். ஆலோசகர் ஆங்கிலத்தில் தலைமை ஆசிரியையிடம் சொல்லி, அவர் பாதியை மறந்து மீதியைக் கட்டளையாகச் சொன்னால், ஆலோசனை அங்கேயே செத்துவிடும். குழுவில் ஒருவராவது ஜூலுவில் சரளமாகப் பேச வேண்டும். அதைவிட நல்லது, துடைப்பவர்களில் ஒருவரையே ஆலோசனைக் குழுவில் உட்காரவைப்பது. அவருக்கு மட்டும் அந்த நேரத்துக்குக் கூலி கொடுங்கள். மற்றவர்கள் ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள், தொண்டாக வருவார்கள். மணிக்கணக்கில் வாழ்பவரிடம் தொண்டு கேட்பது நியாயமில்லை.

யாரைத் தவிர்க்க வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. பொருள் விற்பவர் ஆலோசகர் ஆகக் கூடாது. அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு பிரச்சினைக்கும் அவர் கையில் ஒரு பாட்டில் இருக்கும். உங்களுக்கு அறிக்கை எழுதும் ஆய்வாளரையும் குழுவில் சேர்க்காதீர்கள். தானே ஆலோசனை சொல்லித் தானே சான்று கொடுத்தால் அது அவருக்கும் வம்பு, உங்களுக்கும் வம்பு. விருந்தினராக வருடத்துக்கு ஒருமுறை அழையுங்கள். குழுத் தலைவரின் உறவினர்களும் வேண்டாம். அண்ணன் நடத்தும் இடத்தில் குறை இருக்கிறது என்று எந்தத் தம்பியும் எழுதித் தரமாட்டார்.

எண்ணிக்கை மூன்றிலிருந்து ஐந்து. இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஓய்வு பெற்ற புதிதில் ஒரு அமைப்புக்குப் பதினொரு பேர் கொண்ட குழுவைத் திரட்டினேன். மருத்துவர் தலைவர், நுண்ணுயிரியல் படித்தவர் இருவர், வழக்கறிஞர் ஒருவர். மூன்று கூட்டம் நடந்தது. நாற்பது பக்க ஆவணம் வந்தது. நல்ல ஆவணம், எழுதியவர்கள் மனப்பூர்வமாகத்தான் எழுதினார்கள். நான்காவது கூட்டத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். அடுத்த வருடம் அந்த கிரெஷ்களில் ஒன்றுக்குப் போனபோது ஆவணம் அலமாரிக்குள் உறை பிரிக்காமல் இருந்தது. நாப்பி மாற்றும் மெத்தைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் ஒரே துணிதான் போய்க்கொண்டிருந்தது. அந்தக் குழுவைத் திரட்டியவள் நான்தான், ஆகவே தவறும் என்னுடையது. அவர்களிடம் ‘தரநிலை பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டேன், சொன்னார்கள். ‘இந்தத் துணியை என்ன செய்யலாம்’ என்று கேட்டிருக்க வேண்டும்.

எனவே கேள்வியைச் சிறியதாக்கிக்கொண்டு ஆளிடம் போங்கள். நான் இப்போது பயன்படுத்தும் வாசகம் ஏறத்தாழ இது: ‘எங்கள் மூன்று கிரெஷ்களில் பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வருகிறது. நாப்பி மாற்றும் இடம், கழிப்பறை, சமையலறை மூன்றையும் வந்து பார்த்து, எதை முதலில் மாற்றலாம் என்று சொல்ல ஆள் தேவை. மாதம் ஒரு சனிக்கிழமை காலை, இரண்டு மணி நேரம். ஆறு மாதம். பயணச் செலவு தருவோம். கூட்டங்கள் கிடையாது.’ சனிக்கிழமை கிரெஷ் மூடியிருந்தால் வாரநாளில் ஒரு காலைப்பொழுதைக் குறிப்பிடுங்கள், ஏனென்றால் பிள்ளைகள் இருக்கும்போது பார்க்காத சுத்தம் பார்த்த கணக்கில் வராது. ஆறு மாதம் என்ற வரம்பு முக்கியம். முடிவு தெரியாத தொண்டுக்கு ஓய்வு பெற்றவர்கள் பயப்படுகிறார்கள், பேரப்பிள்ளை பார்க்க வேண்டும், கண் அறுவைச் சிகிச்சை இருக்கிறது. ஆறு மாதம் என்றால் சரி என்பார்கள், பாதிப் பேர் தாமாகவே நீட்டிப்பார்கள். அறிவிப்புப் பலகையை நம்பாதீர்கள். எனக்குக் கிடைத்த நல்ல ஆலோசகர்களில் ஒருவர்கூடப் பலகையைப் பார்த்து வரவில்லை. மருத்துவமனை ஓய்வூதியர் சங்கம், கோயில் மடப்பள்ளி, ஈமச்சடங்குக்குக்கூட ஓடிவந்து வேலை செய்யும் அந்த நான்கைந்து பேர், இவர்களிடம் நேரில் போய்க் கேட்டேன்.

வந்தவரை நேர்காணல் செய்ய வேண்டாம். ஒரு மணி நேரம் கிரெஷுக்குள் நடக்கவிட்டு, கண்ட மூன்று விஷயங்களை எழுதச் சொல்லுங்கள். ஒருமுறை இரண்டு பேரை அப்படி அனுப்பினேன். முதலாமவர் நுழைந்ததும் சிலந்தி வலையைக் காட்டினார், சுவர் பெயிண்ட் பழையது என்றார், தலைமை ஆசிரியையிடம் பத்து நிமிடம் பேசினார். இரண்டாமவர் ஒரு மருத்துவமனையில் சலவைப் பிரிவில் இருந்தவர். சமையலறை ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எண்ணினார், நான்கு. பிறகு ஒரு மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நாற்பது நிமிடத்தில் மஞ்சள் துணி ஒன்று மேசை, மூக்கு, மெத்தை, மறுபடியும் மேசை என்று போனதைத் தாளில் கோடாக வரைந்து வைத்திருந்தார். பெயர் எதுவும் எழுதவில்லை. அந்தத் தாளை நாப்பி மாற்றும் பெண்ணிடமே முதலில் காட்டி, நான் பார்த்தது சரியா என்று கேட்டார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, எனக்கு இரண்டு துணிதான் கொடுக்கிறார்கள் ஆயா என்றார். அடுத்த வாரம் இருபது துணி வந்தது, மூன்று நிறத்தில். நான் யாரைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள். தொண்டர் என்றாலும் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குள் வருபவர். தேசியக் குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேட்டின் இரண்டாம் பகுதியில், அதாவது குழந்தைகளுடன் பணியாற்றத் தகுதியற்றவர்கள் பட்டியலில், அவர் பெயர் இல்லை என்ற சான்றையும், பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டுச் சான்றையும் பெறுங்கள். கோயிலில் நாற்பது வருடமாகத் தெரிந்தவர் என்பது சான்று அல்ல. சான்று வரும்வரையும், வந்த பிறகும், எந்த ஆலோசகரும் ஒரு குழந்தையுடன் தனியே இருக்கக் கூடாது. படம் எடுப்பதானால் தரையை, தொட்டியை, துணியை எடுக்கட்டும், பிள்ளையின் முகம் வேண்டாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: குழந்தைகள் சட்டத்தின் 110ஆம் பிரிவு, பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் இருக்கும் தொண்டரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஒரு குழந்தை உடலில் காயம் ஏற்படும்படி துன்புறுத்தப்பட்டதாகவோ பாலியல் கொடுமைக்கு ஆளானதாகவோ திட்டமிட்டுப் புறக்கணிக்கப்பட்டதாகவோ நியாயமான காரணங்களோடு முடிவுக்கு வந்தால் அவர் புகார் செய்தே ஆக வேண்டும். துணியைப் பார்க்க வந்தேன், மற்றது எனக்கெதற்கு என்று போய்விட முடியாது. முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

இப்போது, ஆலோசகர்கள் எதை உறுதியாகச் சொல்லலாம், எதில் நாக்கை அடக்க வேண்டும் என்பது. சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கைகழுவுவது வயிற்றுப்போக்கைக் குறைக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. பராமரிப்பு நிலையங்களில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு தெரிந்தது. நாப்பி மாற்றும் இடத்துக்கும் சமையல் இடத்துக்கும் துணி, வாளி, முடிந்தால் ஆளும்கூட வேறாக இருக்க வேண்டும் என்பது உறுதி. அழுக்கின் மேல் கிருமிநாசினி ஊற்றினால் வேலை செய்யாது, முதலில் சோப்புத் தண்ணீர், பிறகுதான் மற்றது என்பது உறுதி. இந்த நாட்டில் விற்கும் சாதாரண ஜிக் 3.5 சதவீதம், அதில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி ஊற்றினால் ஏறத்தாழ 0.1 சதவீதக் கலவை வரும். ஐந்து லிட்டர் வாளிக்கு 150 மில்லி. தினமும் புதிதாகக் கலக்க வேண்டும், பூசியவுடன் துடைக்காமல் சில நிமிடம் ஈரமாக விட வேண்டும், வாயில் வைக்கும் பொம்மையைப் பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும். ஜிக்கை அமோனியா கலந்த சுத்திகரிப்பானோடும், கழிப்பறைக்கு ஊற்றும் அமிலத்தோடும் சேர்த்தால் நச்சு வாயு வரும். இதைச் சுவரில் படமாகவே ஒட்டலாம்.

கைக்குப் பூசும் ஆல்கஹால் ஜெல் சோப்புக்கு மாற்று அல்ல என்பதும் உறுதியான பக்கத்தில்தான் சேரும். 2025இன் தொடக்கத்தில் டர்பன் பள்ளிகளில் கை, கால், வாய் நோய் பரவியதே, அதை உண்டாக்கும் வைரஸுக்கும், வாந்திபேதி கொடுக்கும் நோரோவைரஸுக்கும் கொழுப்பு உறை கிடையாது. ஆல்கஹால் அவற்றை எளிதில் அழிப்பதில்லை. கை, கால், வாய் நோயின் வைரஸ் குழந்தை குணமாகிய பிறகும் வாரக்கணக்கில் மலத்தில் வெளியேறும். கொப்புளம் ஆறிவிட்டது, இனி கவலையில்லை என்று நாப்பி மெத்தையில் அசட்டையாக இருந்தால் அங்கிருந்தே அடுத்த பிள்ளைக்குப் போகும்.

சந்தேகப் பக்கம் இது. பொம்மையைத் தினமும் கழுவ வேண்டுமா, வாரம் ஒருமுறை போதுமா என்பதற்குக் கறாரான ஆதாரம் மெல்லியது. வாயில் வைத்ததை அன்றே, மற்றதை வாரம் ஒருமுறை என்பது என் வழக்கம், ஆணை அல்ல. புகைபோல் கிருமிநாசினி அடிக்கும் இயந்திரங்களால் கிரெஷில் நோய் குறையும் என்று நம்பிப் பணம் போட எனக்குக் காரணம் தெரியவில்லை. கடுமையான கிருமிநாசினியை அதிகம் பயன்படுத்தும் இடங்களில் பிள்ளைகளுக்கு மூச்சிரைப்பு கூடுவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. அது காரணமா, வெறும் சேர்ந்து வருவதா என்பது இன்னும் தீரவில்லை. ஆகவே அதிகம் ஊற்றினால் அதிகச் சுத்தம் என்று எந்த ஆலோசகர் சொன்னாலும் நான் எதிர்த்துப் பேசுவேன். இந்தப் பிரிவினையை உங்கள் ஆலோசகர்கள் எழுத்திலும் காட்டட்டும். ‘இது செய்தே ஆக வேண்டியது’, ‘இது என் கருத்து’ என்று இரண்டு பக்கம். தன் கருத்தையும் நிரூபணமானதையும் ஒரே குரலில் சொல்பவரைப் பணியாளர்கள் சீக்கிரம் நம்பாமல் போவார்கள்.

தரையும் கழிப்பறையும் மட்டும் சுத்தம் என்று ஆலோசகர்கள் நினைத்துவிடக் கூடாது. 2017, 2018இல் நம் நாட்டில் உணவு வழியே பரவிய லிஸ்டீரியா நோயில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு இருநூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கிருந்து வருகிறது என்று மாதக்கணக்கில் தெரியவில்லை. 2018 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க்கின் சொவேட்டோவில் ஒரு கிரெஷ் பிள்ளைகள் சிலர் வயிற்றுக் கோளாறோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். ஆய்வாளர்கள் அந்தக் கிரெஷுக்குப் போய்க் குளிர்பெட்டியைத் திறந்தார்கள், உள்ளே இருந்த பொலோனி என்ற பதப்படுத்திய இறைச்சியை எடுத்துச் சோதித்தார்கள், அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் தொழிற்சாலைவரை போக முடிந்தது. மார்ச் 4ஆம் தேதி சுகாதார அமைச்சர் ஆரோன் மோட்சோலெடி அறிவித்தார். அந்தக் கிரெஷ் எவ்வளவு நன்றாகத் துடைத்திருந்தாலும் பொலோனிக்குள் இருந்ததைத் தடுத்திருக்க முடியாது. ஆனால் குளிர்பெட்டிக்குள் என்ன இருக்கிறது, எந்தத் தேதி வாங்கியது என்று பார்க்கும் பழக்கம் உங்கள் ஆலோசகரிடம் இருக்க வேண்டும். உணவால் ஒரே நேரத்தில் பலருக்கு நோய் வந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் அது இருக்கிறது. போன மாதம் பாதிக் குழந்தைகளுக்கு வந்தபோது கிளினிக்குக்குச் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால், அடுத்த முறை சொல்லுங்கள். தண்டனைக்காக அல்ல, காரணத்தைக் கண்டுபிடிக்க அதுதான் வழி.

எலி, கரப்பான் விஷயம் இன்னும் அவசரமானது. 2024 அக்டோபரில் சொவேட்டோவின் நலேடியில் ஆறு குழந்தைகள் இறந்தார்கள். டெர்புஃபோஸ் என்ற விவசாயப் பூச்சிக்கொல்லி காரணம் என்று கண்டார்கள். வீட்டுக்குள் பயன்படுத்தவே கூடாத அது எலிக்கு என்று தெருவில் பொட்டலமாக விற்கப்படுகிறது. உங்கள் மூன்று கிரெஷ்களின் சமையலறை அலமாரியிலும் பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டலமோ பாட்டிலோ இருக்கிறதா என்று பார்ப்பதை ஆலோசகரின் முதல் வருகைவரை தள்ளிப்போடாதீர்கள். இன்றே நீங்களே போய்ப் பாருங்கள்.

ஆலோசகர்களைத் தக்கவைப்பது எப்படி என்று கேட்டீர்கள். சால்வையும் சான்றிதழும் தவறில்லை, ஆனால் அவை யாரையும் தக்கவைத்து நான் பார்த்ததில்லை. சொன்னது நடந்ததா என்று தெரிந்தால் இருப்பார்கள். தெரியாவிட்டால் மூன்றாம் மாதம் முழங்கால் வலிக்கும். ஒரு நோட்டுப்புத்தகம் வையுங்கள். இடப்பக்கம் ஆலோசகர் எழுதுவது, வலப்பக்கம் தலைமை ஆசிரியை இரண்டு வாரத்துக்குள் எழுத வேண்டிய பதில்: செய்தோம், செய்யவில்லை, ஏன் செய்யவில்லை. ஆலோசகருக்கு உத்தரவிடும் அதிகாரம் இல்லை. ஆனால் பதில் பெறும் உரிமை உண்டு. இந்த இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் பின்னால் வரும் மனக்கசப்பில் பெரும்பகுதி வராது. ஒரு மாதத்துக்கு ஒரு மாற்றம் மட்டும். ஐந்து மாற்றத்தை ஒன்றாகத் திணித்தால் அட்டவணையில் கையெழுத்து கூடும், துணி மாறாது.

ஆலோசனை பணியாளர் கையில் இல்லாத எதையும் கேட்கிறதா என்றும் பாருங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டோங்காட் நீர்சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி அந்தப் பகுதி மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தது. அந்த நாட்களில் ஒரு கிரெஷுக்குப் போன எங்கள் ஆலோசகர், ஓடும் தண்ணீரில் கைகழுவுங்கள் என்று சொல்லப் போனவர், சொல்லாமல் திரும்பி வந்தார். மறுநாள் மூடிபோட்ட 25 லிட்டர் டிரம்மில் அடியில் குழாய் பொருத்தி, மேசைமேல் ஏற்றி, கீழே பேசின் வைத்துக் கொடுத்தார். பிள்ளைகள் வரிசையில் நின்று திறந்து மூடி விளையாடிக்கொண்டே கழுவினார்கள். தண்ணீர் திரும்பிய பிறகும் அந்த டிரம்மை அங்கே வைத்திருக்கிறார்கள், நம் வட்டாரத்தில் அடுத்த தண்ணீர் வெட்டு எப்போதும் தூரத்தில் இல்லை.

நோய் குறையுமா? குறையும் என்று நம்புகிறேன், ஆனால் எவ்வளவு என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். உங்களிடம் இருப்பது மூன்று கிரெஷ். ஒரு நல்ல மாதமோ கெட்ட மாதமோ தற்செயலாகவும் வரலாம். கோடைமழைக் காலத்தில் கூடும், பிறகு தானே இறங்கும். ஆலோசகர் வந்ததால் இறங்கியது என்று பெற்றோரிடம் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். ஆலோசகர் வரும் முன்பே, நாளையிலிருந்தே, வயிற்றுப்போக்கால் வராத பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தினமும் ஒரு வரி எழுதத் தொடங்குங்கள். பெயர் வேண்டாம், எண் போதும். ஒரு வருடக் கணக்கு இருந்தால் போன பிப்ரவரிக்கும் இந்தப் பிப்ரவரிக்கும் ஒப்பிட்டு நேர்மையாகப் பேசலாம்.

கடைசியாக, வந்த அந்த ஒரே ஆளை, கிருமிநாசினி விற்பவரை, முகம் கோணாமல் நடத்துங்கள். குழுவில் இடம் கிடையாது என்பதை நேராகச் சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். அவர் விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பாதுகாப்பு விவரத்தாள் உண்டு: என்ன கலந்திருக்கிறது, குழந்தை விழுங்கினால் என்ன செய்வது என்றெல்லாம் அதில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, ஜூலுவில் எழுதிச் சமையலறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். மூன்று கிரெஷுக்கும் அளவுக்கோடு போட்ட கோப்பை தலா இரண்டு அவரால் தர முடியுமா என்றும் கேளுங்கள்.